எண்பத்தொன்று

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போகவில்லை.
பட்டாளம்தான் எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்தது,
சித்தூர் ஏலத்தில் எடுத்து
டிராக்டரில் கட்டி இழுத்து,
பரதராமி செக்போஸ்டில்
"வண்டியா, பழைய இரும்பா?" என்று கேட்டவரிடம்
"இன்னும் தெரியவில்லை சார்" என்று சொல்லி.

ஜோங்கா என்று பேராம்.
எருமையை அவிழ்த்துப் புங்கமரத்தடியில் கட்டினோம்.
கோபத்தில் அது
அன்றைக்கு அரை லிட்டர் குறைத்துக் கறந்தது.

காட்பாடி ஆளெடுப்பில் மூன்று தடவை
சம்பங்கியின் மார்பில் டேப் வைத்தார்கள்.
மூச்சை முட்ட இழுத்தும் எண்பத்தொன்று.
ஒரு சென்டிமீட்டர் குறைந்தது.
கல்யாணமான புதிதில் சட்டைக்கு அளவெடுக்கப் போனேன்.
டேப்பைக் கண்டதும் மனுஷன்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
நான் தையல்காரி. ஒன்றும் கேட்கவில்லை.
லூசாகவே தைத்துக் கொடுத்தேன்.

முதல் மாதம் முழுக்க நட்டுகள்தான்.
ஊறுகாய் பாட்டில்களில் மண்ணெண்ணெய் ஊற்றி
ஊறப்போட்டோம்.
எது எந்த இடத்து நட்டு என்று
மூடியில் என் கையெழுத்து.

கார்புரேட்டரின் சின்ன ஜெட்டுக்குள் அடைப்பு.
ஊசி எடுத்தேன். மஸ்தான் பாய் கத்தினார்:
"துளை பெரிசானா, அம்மா,
பெட்ரோல் குடிச்சே உங்க நிலத்தை வித்துடும்!"
நூலில் மெழுகு தேய்த்து விட்டேன்.
வந்தது,
கடுகில் பாதி.

உப்புத்தாள் போட்டால் பச்சை.
பச்சைக்குக் கீழே மணல் நிறம்.
அதற்கும் கீழே
மறுபடி பச்சை.
இடது கதவைக் கழற்றினபோது
உள்ளிருந்து ஒரு முறம் மணல் கொட்டியது.
எங்கள் கவுண்டன்யா ஆற்று மணல் இல்லை,
சலித்த மாவு மாதிரி.
எங்கேயோ இருக்கிற பாலைவனம்.
காகிதம் தேடி உள்ளே ஓடினார் அவர்,
மடித்து வைக்க.
திரும்பி வருவதற்குள் பூனை
தன் வேலையை அதில் முடித்துவிட்டிருந்தது.

பார்க்க வந்தார் ஹவில்தார் துரைக்கண்ணு,
பதினேழு வருஷ சர்வீஸ்.
"எங்கெல்லாம் ஓட்டியிருக்கீங்க இதை?"
"சப்பாத்தி சுட்டேன்" என்றார்.
"அண்டாவோட சேர்த்து என்னையும்
பின்னால ஏத்துவாங்க.
முன் சீட்டு எப்படி இருக்கும்னே தெரியாது."

குடியாத்தம் ஆர்டிஓ ஆபீசில்
இரண்டு விஷயம் சொன்னார்கள்.
பழைய நம்பருக்கு முன்னால் மேல்நோக்கி ஓர் அம்பு உண்டு,
கம்ப்யூட்டரில் அது இல்லை.
பட்டாளப் பச்சை பட்டாளத்துக்கு மட்டும்.
வேறு கலர் அடித்துக் கொண்டுவாருங்கள்.

அன்று ராத்திரி அவர் தட்டைத் தொடவில்லை.
எனக்குத் தெரியும்,
மறுபடியும் அந்த ஒரு சென்டிமீட்டர்.

பெட்டியைத் திறந்து
ரவிக்கை தைத்து மிஞ்சின துண்டு ஒன்றை எடுத்தேன்.
மயில்கழுத்து.
பெயிண்ட் கடைப் பையனை உட்காரவைத்து
மூன்று டப்பாவைக் கலக்கி, காயவைத்து, கலக்கி,
சாயங்காலம் வரை விடவில்லை.
வெயிலில் நிறுத்திப் பார்த்த இன்ஸ்பெக்டர்
நீலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
கொட்டகை நிழலுக்குள் வந்தால்
அது என்ன நிறம் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

மேல்கூரைக் கேன்வாஸ் நான் தைத்தது.
ஏழு ஊசி உடைந்தது.

முதல் ஓட்டத்துக்கு
ஹவில்தாரை முன்னால் உட்காரச் சொன்னோம்.
சரி சரி என்று சொல்லிக்கொண்டே
பின்னால் ஏறிவிட்டார்.
மூன்று தடவை இருமி அடங்கியது.
நான்காவதில் ஆறு சிலிண்டரும் ஒன்றாய்ப் பேச
எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.
பின்னாலிருந்து தகரத்தில்
இரண்டு தட்டு.
போகலாம் என்று அர்த்தமாம்.

சம்பங்கி மூச்சை இழுத்தார்.
இழுத்ததை
செக்போஸ்ட் தாண்டும்வரை விடவில்லை.

இரண்டு லிட்டர்தான் ஊற்றியிருந்தோம்.
தெலுங்கு போர்டுக்கு அந்தப் பக்கம்,
மாந்தோப்பு வேலியோரம், நின்றுபோனது.
நானும் ஹவில்தாரும் இறங்கித் தள்ளினோம்.
அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி
நேராக உட்கார்ந்திருந்தார்.
சட்டை
முதுகில் இறுக்கிக்கொண்டிருந்தது.